புதுப் பூச்சின் அடியில்

விற்பனைக்கு வந்த பாய்மரப் படகு தன் ஆயுளில் வேறெந்த நாளிலும் அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. மெத்தை உறைகளைத் துவைத்துப் போட்டிருப்பார்கள். வெண்கலச் சாமான்கள் மினுங்கும். எஞ்சின் பெட்டியைத் திறந்தால் எலுமிச்சை வாசனை வரும். தரைப்பலகையைத் தூக்கினால் அடிக்குழி முழுக்க அப்போதுதான் அடித்த வெள்ளைப் பெயின்ட். வாங்க வந்தவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. எனக்கு அந்தப் பெயின்ட்டைக் கண்டதும் மனசு குறுகுறுக்கத் தொடங்கிவிடும்: இங்கே முன்பு என்ன இருந்தது?

மலேசியாவின் லங்காவித் தீவில் பழைய யாட்டுகளைச் சோதித்து அறிக்கை கொடுப்பது என் பிழைப்பு. சர்வேயர் என்று சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் நிலம் அளக்கிறவன் என்றே நினைக்கிறார்கள். திருத்துவதை விட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு லங்காவியைப் போல வசதியான ஊர் குறைவு. 1987-இல் இது வரிவிலக்குத் தீவானது. குவா நகரக் கடலோரம், தெலாகா, ரெபாக் என்று யாட்டுகள் தங்கும் துறைகள் வந்தன. ஆஸ்திரேலியாவைத் தாண்டி, இந்தோனேசியத் தீவுகளுக்கு இடையே புகுந்து, மலாக்கா நீரிணையில் ஏறி வருகிற உலகப் பயணிகளுக்கு இது பாதி வழி. எதிரே இந்தியப் பெருங்கடல். அந்தப் பாதி வழியில் சிலருக்குப் பணம் தீர்ந்துவிடுகிறது, சிலருக்கு முழங்கால், சிலருக்குத் தாம்பத்தியம். 2011 பிப்ரவரியில் சோமாலியக் கொள்ளையர்கள் ‘குவெஸ்ட்’ என்ற யாட்டைப் பிடித்து, அதிலிருந்த நான்கு அமெரிக்கர்களும் கொல்லப்பட்ட பிறகு செங்கடல் வழியாகப் போகத் துணிந்தவர்கள் அருகிப்போனார்கள். அடுத்து 2020 மார்ச்சில் மலேசியா எல்லையை அடைத்தது. முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரலில். இடையில் ஊருக்குப் போய் மாட்டிக்கொண்ட உரிமையாளர்களின் படகுகள் ஆளில்லாமல், அடைத்த கதவுக்குள், இந்தத் தீவின் ஈரக்காற்றில் கிடந்தன. இவை எல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வருகின்றன. வரும் முன் ஒரு சுற்றுப் பெயின்ட்டும் வாங்கிக்கொள்கின்றன.

வாங்குகிறவர்கள் என்னைப் பழுது கண்டுபிடிக்கக் கூப்பிடுகிறார்கள். முப்பது, நாற்பது வயதான படகில் பழுது கட்டாயம் இருக்கும். கிழிந்த பாயும் வெடித்த பெயின்ட்டும் யார் கண்ணுக்கும் படும். சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடலாம். நான் முதலில் தேடுவது ஏற்கெனவே பழுதுபார்த்த இடங்களை. திறந்து கிடக்கிற பழுது தன் அளவைத் தானே காட்டிக்கொண்டிருக்கும். மூடிய பழுது அப்படிக் காட்டாது. ஒருவர் மூலகாரணத்தை நீக்கிவிட்டு மூடியிருப்பார். இன்னொருவர் அடையாளத்தை மட்டும் மறைத்திருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் ஒரே நிறம். எந்த இடத்தில் எவர் கைவேலை என்று பிரித்துச் சொல்வதற்குத்தான் எனக்குக் கூலி.

பினாங்கிலிருந்து ஓய்வுபெற்ற பல் மருத்துவர் ஒருவர் வாங்க நினைத்த படகு நினைவுக்கு வருகிறது. 1980-களில் தைவானில் கட்டியது, 37 அடி, முன்னும் பின்னும் ஒரே மாதிரிக் கூம்பிய, கனத்த படகு. அந்தக் காலத்துத் தைவான் பட்டறைகள் தேக்கு வேலையில் கில்லாடிகள். உள்ளே நுழைந்தால் எந்தப் பக்கம் கை வைத்தாலும் தேக்கு. டாக்டர் டெக்கில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

“பாய்மரக் கம்பி இறங்குற இடமெல்லாம் புதுசா சீலன்ட் போட்டிருக்காரே, நல்லாத்தானே கவனிச்சிருக்கார்?”

“ஆறு இடத்திலயும் ஒரே நாள்ல போட்டிருக்கார் டாக்டர். எதுக்குன்னு பார்க்கணும்.”

பாய்மரம் தானாக நிற்பதில்லை. முன்னும் பின்னும் பக்கங்களிலும் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பிகள்தான் அதை நிறுத்தி வைத்திருக்கின்றன. பக்கக் கம்பி ஒவ்வொன்றும் இழுக்கிற சுமை, செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டை வழியாகப் படகின் உடம்புக்குள் இறங்குகிறது. அந்தப் படகில் பட்டைகள் டெக்கிலுள்ள வெட்டு வழியாக உள்ளே போய், அலமாரிகளுக்குப் பின்னால் குறுக்குத் தடுப்புகளில் போல்ட் போட்டு நின்றன. டெக்கின் வெட்டைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைச் சீலன்ட், கோணல்மாணல் இல்லாமல், அழகாக.

உள்ளே போய்ச் சட்டை அலமாரியில் தலையை நுழைத்தேன். பட்டையை மறைத்த தேக்குப் பலகையில் எட்டு திருகாணிகள். ஏழின் தலையில் வார்னிஷ் படிந்திருந்தது. எட்டாவதில் மட்டும் ஸ்க்ரூடிரைவர் சறுக்கிய புதுக் கீறல். யாரோ கழற்றப் பார்த்துவிட்டு, மற்ற ஏழும் அசையவில்லை என்று விட்டுவிட்டிருக்கிறார்கள். பலகையைக் கழற்றியபோது பின்னால் மேலிருந்து கீழாக ஒரு காப்பி நிறக் கறை. கறையின் கீழ்முனை காய்ந்திருந்தது, மேல்முனையில் விரல் வைத்தால் ஈரம்.

துருப்பிடிக்காத எஃகு என்று நாம் சொல்வது காற்று படும் வரைக்கும்தான். அதில் கலந்த குரோமியம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே மெல்லிய படலம் கட்டுகிறது. கீறினாலும் படலம் மறுபடி வளர்ந்துகொள்ளும். காற்று நுழையாத இடுக்கில் உப்புநீர் தேங்கினால் அது வளராது. குளோரைடு குழி பறித்துக்கொண்டே போகும். கடலுக்கு உரியது என்று விற்கிற 316 ரக எஃகில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது. அது அரிப்பைத் தாமதப்படுத்தும், தடுத்துவிடாது. செயின்பிளேட்டின் மேல்பாதி டெக்குக்கு வெளியே பளபளப்பாக இருக்கும். கீழ்ப்பாதி அலமாரிக்குள் பளபளப்பாக இருக்கும். நடுவே டெக்கின் கனத்துக்குள் புதைந்த அந்த இரண்டு விரல் உயரம் மட்டும் கட்டிய நாளிலிருந்து வெளிச்சம் பார்த்திருக்காது. மேலே மட்டும் சீலன்ட் பூசினால் உள்ளே ஏற்கெனவே புகுந்த தண்ணீர் போக வழியில்லாமல் நிற்கும், வர வேண்டிய காற்றும் நின்றுவிடும். ஒழுக்கை அடைத்த மனிதர், அரிப்புக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறார்.

ஒரு பட்டையையாவது கழற்ற விற்பவரின் அனுமதி வேண்டும். தயங்கித் தயங்கிக் கொடுத்தார். பட்டறையில் கம்பி வேலை பார்க்கும் தம்பி கம்பியைத் தளர்த்தி, போல்ட்டுகளை எடுத்து, பட்டையை அடியிலிருந்து தட்டி மேலே உருவினான். டெக்கின் கனத்துக்குள் இருந்த பாகத்தில் மட்டும் பழுப்பு வளையம், அதற்குள் குண்டூசி முனையளவு குழிகள். துடைத்து, சிவப்புச் சாயம் தெளித்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, மறுபடி துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளித்தோம். விரிசலுக்குள் புகுந்த சாயம் பொடியில் கசிந்து வெளியே வரும், அதுதான் சோதனை. ஓரத்திலிருந்து பட்டையின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தூரம் வரை சிவப்புக் கோடு எழுந்தது. டாக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “சொத்தையைச் சுரண்டாமலே அடைச்சு வச்சிருக்காங்கங்கிறீங்க.” இதைவிடச் சரியாக என்னால் அறிக்கையில் எழுத முடிந்ததில்லை.

டெக்கிலும் இதே கதைதான், பரப்பு மட்டும் பெரிது. தேக்குப் பட்டைகளை ஃபைபர் டெக்கின்மேல் திருகாணி போட்டு இறுக்கி, இடைவெளிகளில் கருப்பு ரப்பர்ப் பசை நிரப்புவது பழைய முறை. இந்த அளவுப் படகில் ஆயிரத்துக்கும் மேல் திருகாணிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஃபைபர்த் தோலில் ஓர் ஓட்டை. தோலுக்குள் பால்சா மரமோ ஒட்டுப்பலகையோ இருக்கிறது. டெக்கை இலேசாகவும் விறைப்பாகவும் வைப்பது அதுதான். தண்ணீர் பட்டால் முதலில் அழுகுவதும் அதுதான். நான் காலையில் வெயில் ஏறுமுன் டெக்கில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்பேன். தேக்கு காய்ந்து வெளுக்கும். பசை விட்டுப்போன இடங்களில் மட்டும் பட்டையின் ஓரம் கோடு கோடாகக் கறுத்தே நிற்கும். அந்தக் கோடுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு பிறகுதான் சுத்தியலை எடுப்பேன்.

பிளாஸ்டிக் தலை வைத்த சின்னச் சுத்தியல். ஓர் உள்ளங்கை இடைவெளியில் வரிசை பிடித்துத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று திருப்பிச் சொல்லும். தோலும் மரமும் பிரிந்த இடம், அல்லது மரம் ஊறிப்போன இடம், மொத்தென்று விழுங்கிக்கொள்ளும். அடியில் தடுப்பு வருகிற இடத்தில் ஒலி இயல்பாகவே மாறும். அதைப் பழுதென்று குறித்துவிடக் கூடாது. காது பழக நாளாகும். அதனால்தான் துறையில் பக்கத்துப் படகுக்காரர் பாட்டுப் போட்டால் கெஞ்சி அணைக்கச் சொல்வேன்.

எல்லாவற்றையும்விட என்னை நிறுத்துகிற ஒலி ஒன்று உண்டு. மொத்து, மொத்து, திடீரென்று ஒரு காசளவு இடத்தில் கணீர், மறுபடி மொத்து, ஒரு சாணுக்கு அப்பால் மறுபடி கணீர். யாரோ டெக்கில் வரிசையாகத் துளை போட்டு உள்ளே எபாக்சி ஊற்றியிருக்கிறார்கள். ஊறிய மரத்தை வெளியே எடுக்காமல் பசையை மட்டும் உள்ளே விட்டால், ஈரத்தில் எபாக்சி பிடிக்காது. துளைக்குள் மட்டும் கல்லாக நிற்கும். இரண்டு துளைகளுக்கு நடுவே மரம் தன் பாட்டுக்கு அழுகிக்கொண்டிருக்கும். அழுகிய டெக் ஒரு பழுது. இப்படி ஊசி போட்ட டெக் இரண்டு பழுது. பிறகு தோலை அறுத்து மரத்தை மாற்ற வருகிறவர் அந்த எபாக்சிக் கட்டிகளையும் ஒவ்வொன்றாகச் செதுக்கி எடுக்க வேண்டியிருக்கும்.

வாங்குபவர்களின் பயமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது. ஆஸ்மோசிஸ் என்ற பேரைக் கேட்டாலே விலகிப்போகிறவர்கள் உண்டு. ஃபைபர்ப் படகின் வெளித்தோலான ஜெல்கோட் வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே ஊடுருவும். ரெசினில் சரியாகச் சேராமல் மிஞ்சியதைக் கரைத்து அமிலமாக்கும். அந்தக் கரைசல் மேலும் தண்ணீரை இழுத்துக் கொப்புளமாகும். வெப்பக் கடலில் இது வேகம். கொப்புளத்தைக் குத்தும்போது கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும், அழுத்தத்தோடு பீய்ச்சும். வினிகர் வாடை அடிக்கும், விரல்களுக்கிடையே வழவழக்கும். அருவருப்பான காட்சி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு வளர்கிற நோய் இது. அங்கங்கே நாலு கொப்புளம் இருக்கிறது என்பதற்காக ஒரு நல்ல படகைக் கைவிடச் சொல்ல மாட்டேன். விலையில் பேசச் சொல்வேன்.

‘ஆஸ்மோசிஸ் சிகிச்சை முடிந்தது’ என்ற விளம்பர வரிதான் என்னை உஷாராக்கும். சிகிச்சை என்றால் ஜெல்கோட்டைச் சீவி எடுத்து, நல்ல தண்ணீரால் திரும்பத் திரும்பக் கழுவி, மாதக்கணக்கில் காயவிட்டு, அதன்பின் எபாக்சி பூச வேண்டும். லங்காவியில் நம்பிக் காயவிடக்கூடிய பருவம் டிசம்பரிலிருந்து மார்ச் வரைதான். பட்டறைக்கு நாள்வாடகை ஏறிக்கொண்டிருக்க, எத்தனை பேர் பொறுப்பார்கள்? செப்டம்பர் மழையில் பூசிய எபாக்சி ஈரத்தை உள்ளே வைத்துத் தைத்துவிடுகிறது. எந்த மாதம் தோலுரித்தார்கள், எந்த மாதம் பூசினார்கள் என்று பட்டறை ரசீதைக் கேட்பேன். ஈரமானியைக் கேட்பது அதற்குப் பிறகுதான். அந்தக் கருவி மின்தேக்கத்தை வைத்து ஊகிக்கிறது. அடிப்பெயின்டிலுள்ள செம்பையும், காலைப் பனியையும், சுவருக்குப் பின்னாலிருக்கிற தண்ணீர்த் தொட்டியையும் அது ஈரமென்றே காட்டும். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு, ஒரே படகில் நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் வைத்து ஒப்பிட்டால்தான் அது சொல்வதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கும். கருவியை வைத்தவுடன் தலையை ஆட்டுகிற சர்வேயரை நான் நம்புவதில்லை.

உயிரோடு விளையாடுகிற இடம் கீல். படகின் அடியில் தொங்கும் ஈயம் அல்லது வார்ப்பிரும்புச் சுமை அது. பாயில் காற்று அடிக்கும்போது படகு கவிழாமல் இழுத்துப் பிடிப்பது. சில படகுகளில் அது ஃபைபருக்குள்ளேயே அடைபட்டிருக்கும். இன்றைய பெரும்பாலான படகுகளில் வெளியிலிருந்து போல்ட் போட்டு மாட்டுகிறார்கள். 2014 மே மாதம் ‘சீக்கி ரஃபீக்கி’ என்ற 40 அடி பிரிட்டிஷ் யாட், ஆன்டிகுவாவிலிருந்து சவுத்தாம்ப்டனுக்குத் திரும்பும் வழியில் வட அட்லாண்டிக்கில் கீலை இழந்து கவிழ்ந்தது. நான்கு பேரும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று தலைகீழாக மிதந்த படகின் உடலைக் கண்டுபிடித்தது; உயிர்காப்பு மிதவை அதற்குள்ளேயே இருந்தது, யாருக்கும் அதை வெளியே எடுக்க நேரமிருக்கவில்லை. பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுக் கிளை 2015-இல் வெளியிட்ட அறிக்கையை நான் பலமுறை படித்திருக்கிறேன். முன்பு தரைதட்டியதும், அதற்குப் பிறகு செய்த பழுதுபார்ப்புகளும் சேர்ந்து, கீல் மாட்டியிருந்த இடத்தின் கட்டமைப்பைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்பது அது சொன்ன காரணம். பழுதுபார்ப்புகளும் சேர்ந்து. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அவ்வகைப் படகுகளில் வலுவைத் தருவது, உட்தளத்தில் கட்டம் கட்டமாக வார்த்து, ஹல் என்ற படகின் உடம்போடு பசை போட்டு ஒட்டிய சட்டம். பாறையில் மோதும்போது கீலின் முன்முனை நிற்க, பின்முனை மேல்நோக்கிக் குத்தும். பசை அங்கேதான் விடும். அதனால் கடைசிப் போல்ட்டைச் சுற்றியுள்ள கட்டத்தை முதலில் பார்க்கிறேன். அடிக்குழியின் வெள்ளைப் பெயின்ட் பெரும்பாலும் அங்கேதான் தடிப்பாக இருக்கும். பெயின்ட்டுக்கு அடியில் விரிசல் தெரியாது. சட்டத்தைத் தட்டினால் ஒட்டியிருக்கிறதா, சும்மா உட்கார்ந்திருக்கிறதா என்று தெரியும். வெளியே வந்து கீலின் முன்னங்கீழ் முனையை உள்ளங்கையால் தடவுவேன். பட்டி போட்டுத் தேய்த்த இடம் கண்ணுக்குத் தப்பும், கைக்குத் தப்பாது.

படகை லிஃப்ட் தூக்குகிற நேரத்தைத் தவறவிடக் கூடாது. பட்டைகளில் தொங்கும்போது கீலின் எடை முழுவதும் போல்ட்டுகளில் தொங்கும். கட்டைமேல் இறக்கியதும் படகின் எடை கீலின்மேல் உட்காரும். இந்த இரண்டு நிலைகளிலும் கீலும் ஹல்லும் சேருகிற கோட்டில் நகம் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். தொங்கும்போது திறந்து, உட்காரும்போது மூடுகிற கோடு என்றால் போல்ட்டைக் கழற்றிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். பல வாங்குபவர்கள் அந்த நேரத்தில் கரையில் காப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். கூப்பிட்டு அருகில் நிறுத்திவிடுவேன்.

எல்லாப் பழுதுபார்ப்பும் சந்தேகத்துக்குரியது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி இந்தத் தீவின் தெலாகா, ரெபாக் துறைகளுக்குள் புகுந்தபோது மிதவைப் பாலங்கள் பிய்ந்தன, படகுகள் ஒன்றோடொன்று மோதின. அப்போது அடிபட்டு ஒட்டுப்போட்ட படகு ஒன்றைப் பல ஆண்டுகள் கழித்துச் சோதித்தேன். வலப்பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே இடி. வெளியே ஒன்றும் தெரியவில்லை. தட்டினாலும் ஒலி மாறவில்லை. பாய் வைக்கும் அறைக்குள் தவழ்ந்துபோய் டார்ச்சைச் சுவரோடு சாய்த்துப் பிடித்தபோதுதான் நீள்வட்டமாக ஓர் எல்லை தெரிந்தது. ஃபைபரை ஒட்டுப்போடும்போது உடைந்த விளிம்பைச் சரிவாக, ஹல்லின் கனத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு தூரத்துக்குத் தேய்க்க வேண்டும். பிறகு கண்ணாடி இழைத் துணியைச் சின்னதிலிருந்து பெரியதாக அடுக்கிக்கொண்டு வர வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பன்னிரண்டு சென்டிமீட்டர் சரிவு. அவசரக்காரர்கள் மூன்று சென்டிமீட்டரில் முடித்துப் பட்டியால் மூடுவார்கள். இந்தப் படகை ஒட்டுப்போட்டவர் முழுத் தூரமும் தேய்த்திருந்தார். யாரும் தலைகூட நுழைக்காத இடத்தில் துணியின் விளிம்பைக்கூடச் சுருக்கமில்லாமல் படுக்கவைத்து, பக்கத்தில் எத்தனை அடுக்கு, எந்த ரெசின், என்ன தேதி என்று மார்க்கரால் எழுதியிருந்தார். அந்த இருட்டு அறையில் அதைப் படித்தபோது, முகம் தெரியாத அந்த மனிதருக்கு ஒரு வணக்கம் போடத் தோன்றியது. அறிக்கையில் அந்த இடத்தைப் பற்றி ‘மூலத்தைவிட வலுவானது’ என்று எழுதினேன்.

இப்படி ஒரு கைவேலையைப் பார்த்துவிட்டால் அந்தப் படகின் மற்ற பாகங்களிலும் நம்பிக்கை வந்துவிடும். வரத்தான் செய்யும், ஆனால் சோதிப்பதைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. படகு கைமாறிக்கொண்டே வந்திருக்கும். ஒரு நல்ல உரிமையாளருக்குப் பின் இரண்டு அவசரக்காரர்கள் வந்திருக்கலாம்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஹல்லில் தண்ணீர் வந்துபோகும் துளைகளிலுள்ள வால்வுகள் வெண்கலமா, பித்தளையா என்று சுரண்டிப் பாருங்கள். மஞ்சளுக்குப் பதில் இளஞ்சிவப்பாக இருந்தால் துத்தநாகம் கரைந்து போய்ச் செம்புக் கூடுதான் மிஞ்சியிருக்கிறது, உதைத்தால் உடையும். பாய்மரக் கம்பிகளைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே போனால் அறுந்த இழையில் பஞ்சு மாட்டும். கம்பி முனையை அழுத்திக் கவ்விய குழாய்களைப் பெரிதாக்கும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும், முக்கியமாகக் கீழ்முனையில். உப்புநீர் கம்பி வழியே இறங்கி அங்கேதான் தங்கும். பத்து வயது தாண்டிய கம்பிகளுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் பல முகம் சுளிக்கும். படகைத் தூக்கி இரண்டு நாள் கழித்தும் சுக்கானின் அடிமுனையில் சொட்டிக்கொண்டிருந்தால் உள்ளே நுரை ஊறியிருக்கிறது. நுரைக்குள்ளிருக்கும் எஃகுக் கைகளின் கதியும் செயின்பிளேட்டின் கதிதான்.

எஞ்சினில் எனக்கு ஒரே நிபந்தனை: நான் வரும்போது அது குளிர்ந்திருக்க வேண்டும். முதலில் அதன்மேல் கை வைப்பேன். வெதுவெதுப்பாக இருந்தால் ஆயில் அளவு மட்டும் பார்த்துவிட்டு மறுநாள் காலை வருகிறேன் என்று சொல்லிவிடுவேன். “உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னு ஓட்டி வச்சேன்” என்பார்கள். சூடான டீசல் எஞ்சின் எதுவும் சமர்த்தாகக் கிளம்பும். குளிர்ந்தது கிளம்பும்போதுதான் அழுத்தம் குறைந்திருப்பதும், முதல் வெள்ளைப் புகை எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் தெரியும். புகை நீலமாக இருந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பென்றால் சுமை மிகுதி. புரொப்பெல்லரில் சிப்பி கட்டியிருந்தாலும் கறுக்கும். புதுசாகப் பெயின்ட் அடித்த எஞ்சினைக் கண்டால் எனக்குக் கோபம்கூட வரும். ஆயில் எங்கே கசிகிறது என்று சொல்லும் அழுக்குக் கோடுகள் அத்தனையையும் துடைத்துவிட்டிருப்பார்கள். அப்படிப்பட்ட எஞ்சினுக்கு அடியில் வெள்ளைத் துணி விரித்து, முழு வேகத்தில் ஒரு மணி நேரம் கடலில் ஓட்டிவிட்டு வந்து துணியைப் பார்ப்பேன்.

கடலில் ஓட்டும்போது பாய்களையும் ஏற்ற வேண்டும். காற்றைப் பக்கவாட்டில் வாங்கிப் படகு சாய்ந்த நிலையில், உள்ளே இறங்கிக் குறுக்குத் தடுப்புகளின் ஓரங்களையும் கதவுகளையும் பார்ப்பது என் வழக்கம். கரையில் நன்றாக மூடிய கதவு சாய்ந்த படகில் சட்டத்தில் இடித்தால் உடம்பு முறுக்கிக்கொள்கிறது. அதே நேரத்தில் காற்றுக்கு மறுபக்கக் கம்பிகள் எவ்வளவு தொய்கின்றன என்பதை மேலே இருப்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

காகிதங்கள் தரகரின் வேலை என்றாலும் ஒரு சங்கதியை நானே பார்த்துவிடுவேன். பின்புறம் வலப்பக்க மேல்மூலையில் ஹல் எண் பொறித்திருக்கும். அமெரிக்கப் படகுகளுக்கு 1972-லிருந்து, ஐரோப்பியப் படகுகளுக்கு 1998-லிருந்து கட்டாயம். விற்பனைப் பத்திரத்திலுள்ள எண்ணும் அதுவும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதன் கடைசி இலக்கங்கள் மாடல் ஆண்டைக் காட்டும். விளம்பரத்திலுள்ள வயதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பிரிட்டிஷ் கொடி பறக்கும் படகென்றால், சிறு கப்பல் பதிவேட்டுச் சான்றிதழ் உரிமைக்கு ஆதாரமாகாது என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுவது நல்லது. லங்காவியில் வாங்கித் தீபகற்பத்துக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் சுங்க இலாகாவிடம் முதலில் பேசிவிட வேண்டும். வரிவிலக்கு தீவுக்குத்தான்.

ஒப்பந்தம் போடும்போதே ஒரு வரியைச் சேர்க்கச் சொல்வேன்: சர்வேயர் கேட்கும் பலகைகளையும், குறைந்தது ஒரு செயின்பிளேட்டையும், தேவைப்பட்டால் ஒரு கீல் போல்ட்டையும் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கிறார், திரும்ப மாட்டும் செலவு வாங்குபவருடையது. இந்த வரி இல்லாவிட்டால் சோதனை நாளன்று என்னால் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்தான் பார்க்க முடியும். டாக்டரிடம் அந்த வரி இருந்தது. அவர் ஆறு செயின்பிளேட்டையும் புதிதாகச் செய்து மாட்டும் செலவையும், டெக்கின் ஒரு பகுதியைத் திறக்கும் செலவையும் விலையில் கழித்துக்கொண்டு அந்தப் படகையே வாங்கினார்.

சில தரகர்கள் பழைய சர்வே அறிக்கை ஒன்றை இலவசமாகக் கையில் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது வேறொருவருக்காக எழுதியது. எழுதியவருக்கு உங்களிடம் எந்தப் பொறுப்பும் கிடையாது. படிப்பதென்றால் முடிவுரையை விட்டுவிட்டு, ‘அணுக முடியாததால் பார்க்கவில்லை’ என்ற பட்டியலுக்கு முதலில் போங்கள். என் அறிக்கையிலும் அது உண்டு, பெரும்பாலும் ஒரு பக்கத்துக்கு மேல் ஓடும்: தொட்டிகளின் அடிப்பக்கம், மேல்தள உறைக்குப் பின்னாலுள்ள நட்டுகள், பாய்மரம் நிற்கும் பீடத்தின் உட்புறம். அந்தப் பட்டியலே இல்லாத அறிக்கையை எழுதியவர் எப்படிப் பார்த்தார் என்று தரகரிடம் கேளுங்கள். பட்டியல் இருந்தால் அதை எடுத்துக்கொண்டு படகுக்குப் போய், அந்த இடங்களிலுள்ள திருகாணித் தலைகளில் புதுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள்.